லைசென்ஸ் நம்பர் கேட்டால் மரியாதைக் குறைவா?



நீளமான பதிவு இது. "டீச்சர் மறுபடியும் கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க" என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அமெரிக்காவில் வீடு வாங்கியிருக்கிற, வாங்கப்போகிற, அங்கே வீட்டு வேலை எடுத்துச் செய்கிற பிள்ளைகள் கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள். ஊரில் இருக்கும் பெற்றோர்களும் படியுங்கள். உங்கள் பிள்ளைகளின் பணம்தான் போகிறது.

நம் குழுவில் மூன்று நாளாக நடந்த சண்டையை எல்லோரும் பார்த்தீர்கள். பெயர் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். சண்டையில் இருக்கும் இருவருமே என்னிடம் படித்தவர்கள்.

ஒருவன் டல்லாஸில் ஆறு வருடமாகக் கிச்சன், பாத்ரூம் புதுப்பித்துக் கொடுக்கும் தொழில் செய்கிறான். கைத்தொழில் சுத்தம். அவன் பதித்த டைல்ஸில் ஒரு கோணல் இருக்காது. இன்னொருவன் டல்லாஸிலிருந்து வேலை மாறி கலிஃபோர்னியா போய் வீடு வாங்கியவன். "நம்ம ஆளு இருக்கும்போது வெளியாளை எதுக்குக் கூப்பிடணும்" என்று இவனை அங்கே வரவழைத்தான். பேசிய தொகை 38,000 டாலர். முன்பணம் 12,000 டாலர். வேலை முக்கால்வாசி முடிந்தபோது கற்பலகை நிறம் பற்றித் தகராறு. மீதிப் பணம் தர மாட்டேன் என்றான் வீட்டுக்காரன். தொழில் செய்தவன் வக்கீலைப் பார்க்கப் போனான். அந்த வக்கீல் கேட்ட முதல் கேள்வி, "கலிஃபோர்னியா லைசென்ஸ் இருக்கிறதா?" இல்லை. "அப்படியானால் நீங்கள் வழக்கே போட முடியாது. அவர் நினைத்தால் கொடுத்த 12,000 டாலரையும் உங்களிடம் திருப்பிக் கேட்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இதற்குக் குழுவில் வந்த பதில்களை மூன்று கட்சியாகப் பிரிக்கலாம். "லைசென்ஸ் என்பது வெறும் காகிதம், அரசாங்கம் காசு பிடுங்கும் வழி" என்பது முதல் கட்சி. "டெக்சாஸும் கலிஃபோர்னியாவும் ஒரே நாடுதானே, இது என்ன அநியாயம்" என்பது இரண்டாம் கட்சி. "நம்மவர்களுக்குள் போய் லைசென்ஸ், காண்ட்ராக்ட் என்று கேட்டுக்கொண்டிருக்க முடியுமா" என்பது மூன்றாம் கட்சி. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். மூன்றாம் கட்சியிடம்தான் எனக்குக் கோபம் அதிகம்.

முதலில், காகிதம் என்பவர்களுக்கு.

கலிஃபோர்னியாவில் அந்தக் காகிதத்தைக் கொடுப்பது கான்ட்ராக்டர்ஸ் ஸ்டேட் லைசென்ஸ் போர்டு என்ற வாரியம். 1929இல் தொடங்கியது. லைசென்ஸ் வேண்டுமென்றால் கடந்த பத்து வருடத்துக்குள் நான்கு வருடம் அந்தத் தொழிலில் தேர்ந்த தொழிலாளியாக வேலை செய்திருக்க வேண்டும். சட்டமும் வணிகமும் பற்றி ஒரு தேர்வு, தொழில் பற்றி ஒரு தேர்வு. கைரேகை கொடுக்க வேண்டும். 25,000 டாலருக்குப் பிணைப்பத்திரம் வைக்க வேண்டும். அதைத்தான் அங்கே பாண்ட் என்கிறார்கள். வேலையைக் கெடுத்துவிட்டு ஓடினால் வீட்டுக்காரர் அந்தப் பாண்டின் மீது இழப்பீடு கேட்கலாம். மின்வேலைக்கு சி-10, குழாய் வேலைக்கு சி-36, கூரைக்கு சி-39, பொதுவான கட்டட வேலைக்கு பி என்று வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்.

சின்ன வேலைக்கு விலக்கு உண்டு. முன்பு 500 டாலருக்குக் கீழ் என்று இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் 1,000 டாலருக்குக் கீழ் என்று உயர்த்தினார்கள். அதிலும் நிபந்தனை இருக்கிறது: அந்த வேலைக்கு பெர்மிட் தேவைப்படக் கூடாது, செய்பவர் வேறு ஆளை வேலைக்கு வைத்திருக்கக் கூடாது. சம்பளமும் சாமானும் சேர்த்துத்தான் அந்த 1,000. "சாமான் நீங்க வாங்குங்க, கூலி மட்டும் எனக்கு" என்று பிரித்துக் காட்டித் தப்பிக்க முடியாது.

அதைத் தாண்டி லைசென்ஸ் இல்லாமல் வேலை எடுத்தால் அது குற்றம். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம் போட இடம் இருக்கிறது. அதைவிடக் கடுமையானது அந்த மாநிலத்தின் பிசினஸ் அண்ட் புரொஃபஷன்ஸ் சட்டத் தொகுப்பின் 7031ஆம் பிரிவு. லைசென்ஸ் இல்லாதவர் செய்த வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கூலி கேட்டு நீதிமன்றம் போக முடியாது. வாங்கிய பணத்தையும் வீட்டுக்காரர் திருப்பிக் கேட்கலாம். "அவருக்குத்தான் எனக்கு லைசென்ஸ் இல்லை என்று தெரியுமே" என்ற வாதமும் எடுபடாது. நம் டல்லாஸ் பையன் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

இதை வெறும் காகிதம் என்கிறீர்களா? நானும் இரண்டு வருடம் ஆசிரியர் பயிற்சி படித்து டிப்ளமோ வாங்கியவள். அந்தக் காகிதம் இல்லாமல் உங்கள் குழந்தைகள் முன்னால் ஒரு நாள் நிற்க என்னை விட்டிருப்பார்களா? "இந்தம்மாவுக்குக் கணக்கு நன்றாக வரும், சான்றிதழ் எதற்கு" என்று நீங்களே சம்மதித்திருப்பீர்களா? நம் ஊரிலும் வீட்டுக்கு மின் இணைப்பு வேலை செய்ய அரசு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரும் தகுதிச் சான்று பெற்றவரும்தான் வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை நாம் எவ்வளவு மதிக்கிறோம் என்பது வேறு கதை. மதிக்காத பழக்கத்தை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனதால்தான் இந்த வினை.

இரண்டாவது, ஒரே நாடுதானே என்பவர்களுக்கு.

ஒரே நாடுதான். ஆனால் அந்த நாட்டில் இந்த அதிகாரம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. மத்திய அரசுக்கு எழுதிக் கொடுக்காத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ சேரும் என்கிறது அவர்களுடைய அரசியலமைப்பின் பத்தாவது திருத்தம், 1791இல் வந்தது. ஒரு தொழிலைச் செய்யத் தகுதி வேண்டும் என்று மாநிலம் விதிக்கலாம் என்பதை அவர்களுடைய உச்ச நீதிமன்றம் 1889இலேயே மேற்கு வர்ஜீனியா மருத்துவர் ஒருவரின் வழக்கில் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே 50 மாநிலத்துக்கும் 50 விதம். சில இடத்தில் அதற்குள்ளும் ஊருக்கு ஒரு விதம்.

நம் பிள்ளைகள் அதிகம் இருக்கும் மாநிலங்களை மட்டும் சொல்கிறேன். பாடப் புத்தகம் போல் மனப்பாடம் செய்ய வேண்டாம். எவ்வளவு மாறுகிறது என்று மட்டும் பாருங்கள்.

டெக்சாஸில் வீடு கட்டும், புதுப்பிக்கும் பொது கான்ட்ராக்டருக்கு மாநில லைசென்ஸே கிடையாது. கூரை போடுபவருக்கும் கிடையாது. வீடு கட்டுபவர்களைப் பதிவு செய்ய 2003இல் ஓர் ஆணையம் அமைத்தார்கள். வீடு வாங்குபவர்களைவிடக் கட்டுபவர்களுக்கே அது துணைபோகிறது என்ற குற்றச்சாட்டு வந்தது. 2009இல் சட்டமன்றம் அதைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டது. ஆனால் அதே டெக்சாஸில் எலக்ட்ரீஷியனுக்கும் ஏசி வேலை செய்பவருக்கும் மாநில லைசென்சிங் துறையின் லைசென்ஸ் கட்டாயம். பிளம்பருக்குத் தனி வாரியம். தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் அமைப்பவருக்குக்கூட, சுற்றுச்சூழல் துறை வழியாக, லைசென்ஸ் உண்டு. நகராட்சிகள் தனியாகப் பதிவு கேட்கும். ஆகவே "டெக்சாஸில் எதற்கும் லைசென்ஸ் வேண்டாம்" என்று நம் குழுவில் ஒருவர் அடித்துச் சொன்னது தவறு.

நியூயார்க்கில் பொது கான்ட்ராக்டருக்கு மாநில லைசென்ஸ் இல்லை. ஆனால் நியூயார்க் நகரத்துக்குள் வீட்டுச் சீரமைப்பு வேலை 200 டாலரைத் தாண்டினாலே நகர நுகர்வோர் துறையின் லைசென்ஸ் வேண்டும். பக்கத்திலிருக்கும் நாசாவ், சஃபோக், வெஸ்ட்செஸ்டர் கவுண்டிகளுக்குத் தனித்தனி லைசென்ஸ்.

நியூஜெர்சியில் வீட்டுச் சீரமைப்பு கான்ட்ராக்டர் மாநில நுகர்வோர் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் 13விஹெச் என்று தொடங்கும். 500 டாலரைத் தாண்டிய வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். எலக்ட்ரீஷியனுக்கும் பிளம்பருக்கும் தனித்தனி வாரியம். டெலவேர் ஆற்றைத் தாண்டி பென்சில்வேனியா போனால் பதிவு செய்யும் இடம் அட்டர்னி ஜெனரல் அலுவலகம். வருடத்துக்கு 5,000 டாலருக்கு மேல் வீட்டுச் சீரமைப்பு வேலை செய்பவர் பதிய வேண்டும். 2009 ஜூலை முதல் நடைமுறை. ஆனால் அங்கே எலக்ட்ரீஷியனுக்கு மாநில லைசென்ஸ் கிடையாது; ஊர் ஊராகக் கேட்க வேண்டும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் மின்வேலைக்காரருக்கு ஒரு சட்டம், அந்தப் பக்கம் வேறு.

ஃபுளோரிடாவில் 'சர்டிஃபைடு', 'ரெஜிஸ்டர்டு' என்று இரண்டு உண்டு. இரண்டும் ஒன்று போலத் தோன்றும். சர்டிஃபைடு கான்ட்ராக்டர் மாநிலம் முழுவதும் வேலை செய்யலாம். ரெஜிஸ்டர்டு கான்ட்ராக்டர் தன் தகுதியை ஒப்புக்கொண்ட உள்ளூர் எல்லைக்குள் மட்டும்தான். 1992இல் ஆண்ட்ரூ புயல் வந்தபோது மோசமாகக் கட்டிய வீடுகள் பறந்துபோனதைப் பார்த்த மாநிலம் அது. பிற்பாடு கட்டட விதிகளையே திருத்தி எழுதினார்கள்.

இல்லினாயில் கூரை வேலைக்கும் பிளம்பிங்குக்கும் மாநில லைசென்ஸ். பிளம்பருக்குக் கொடுப்பது பொது சுகாதாரத் துறை. எலக்ட்ரீஷியனுக்கு உள்ளூர். வடக்கு கரோலினாவில் 40,000 டாலரும் அதற்கு மேலும் ஆகும் வேலைக்குத்தான் பொது கான்ட்ராக்டர் லைசென்ஸ் வேண்டும். ஜார்ஜியாவில் அந்த எல்லை 2,500 டாலர். மிச்சிகனில் 600 டாலர். வாஷிங்டன் மாநிலத்தில் தேர்வு இல்லை, பதிவு மட்டும். ஆனால் பொது கான்ட்ராக்டர் 30,000 டாலர் பாண்டும் இன்சூரன்ஸும் காட்ட வேண்டும்.

ஒரு மாநிலத்தில் 600, இன்னொன்றில் 40,000, வேறொன்றில் எல்லையே இல்லை. ஓரிடத்தில் லைசென்ஸ், ஓரிடத்தில் பதிவு, ஓரிடத்தில் ஒன்றுமில்லை. இப்படி இருக்கும்போது "டல்லாஸில் ஆறு வருடம் செய்தேனே" என்பது கலிஃபோர்னியாவில் என்ன செல்லும்? ஆழம் பார்க்காமல் காலை விடக் கூடாது என்பது நாம் நடைவண்டி தள்ளும்போதே கேட்ட பழமொழி அல்லவா?

இங்கே அந்த நாட்டு அரசாங்கங்கள் மீதும் எனக்குக் குறை உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறாக இருப்பதில் நியாயம் இருக்கலாம். ஓரிடத்தில் நிலநடுக்கம், ஓரிடத்தில் புயல், ஓரிடத்தில் பனி. ஆனால் குழாயில் தண்ணீர் கீழ்நோக்கித்தான் ஓடுகிறது, அது ஓஹையோவாக இருந்தாலும் ஒரேகனாக இருந்தாலும். கைத்தொழில் தெரிந்த ஒருவர் ஆற்றைத் தாண்டியதும் கற்றுக்குட்டி ஆகிவிடுவாரா?

செவிலியர்களுக்கு 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள், ஆட்சிப் பகுதிகள் சேர்ந்து ஒரு உடன்பாடு வைத்திருக்கின்றன. ஒரு மாநிலத்து லைசென்ஸை வைத்து மற்ற மாநிலத்தில் வேலை செய்யலாம். கான்ட்ராக்டர்களுக்கு அந்த அளவுக்கு எதுவும் இல்லை. நாஸ்க்லா என்ற மாநில வாரியங்களின் சங்கம், வணிகக் கட்டட கான்ட்ராக்டர்களுக்கு ஒரு பொதுத் தேர்வு நடத்துகிறது. பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதை ஏற்கின்றன. ஆனால் அது தேர்வை மட்டும்தான் மிச்சப்படுத்தும். கட்டணமும் பாண்டும் விண்ணப்பமும் மாநிலத்துக்கு மாநிலம் புதிதாகத்தான். கலிஃபோர்னியா, அரிசோனா, நெவாடா போன்ற மாநிலங்களோடு ஒப்பந்தம் வைத்து அங்கே லைசென்ஸ் இருந்தவருக்குத் தொழில் தேர்வை விட்டுக்கொடுக்கிறது. சட்டத் தேர்வை விட்டுக்கொடுப்பதில்லை. டெக்சாஸில் லைசென்ஸே இல்லாதவன் எதைக் கொண்டுபோய்க் காட்டுவான்?

இது படித்த, வசதியுள்ள கம்பெனிக்குப் பெரிய பாரம் இல்லை. அவர்கள் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். ஒரு வேனும் நான்கு கருவிகளும் வைத்துப் பிழைப்பவன்தான் ஒவ்வொரு மாநில வாசலிலும் முட்டிக்கொண்டு நிற்கிறான். இந்தக் குறையை நான் முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டம் சிக்கலாக இருக்கிறது என்பது அதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது. கணக்கு கடினமாக இருக்கிறது என்று விடைத்தாளைக் காலியாகக் கொடுத்தவனுக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை.

அப்படியானால் எப்படித் தெரிந்துகொள்வது? நான்கு கேள்விகள் போதும்.

1. வேலை நடக்கும் இடம் எது? கான்ட்ராக்டர் எந்த மாநிலத்துக்காரர், நீங்கள் முன்பு எங்கே இருந்தீர்கள் என்பதெல்லாம் கணக்கில்லை. வீடு எந்த மாநிலம், எந்த கவுண்டி, எந்த நகரம் என்பதுதான் கணக்கு.

2. என்ன வேலை? பெயின்ட் அடிப்பதா, கூரையா, மின்வேலையா, குழாயா, சுவரை இடிப்பதா? பொது வேலைக்கு லைசென்ஸ் இல்லாத மாநிலத்திலும் மின்வேலைக்கோ குழாய் வேலைக்கோ இருக்கலாம்.

3. எவ்வளவு தொகை? சாமானையும் சேர்த்துப் பாருங்கள்.

4. லைசென்ஸ் தருவது யார்? மாநிலமா, நகரமா? மாநில அரசின் சொந்த இணையதளத்துக்கே போங்கள். வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் விளம்பரக் கம்பெனிகள் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று பச்சை டிக் போட்டிருப்பதை நம்பி நிற்காதீர்கள். கலிஃபோர்னியா வாரியத்தின் தளத்தில் லைசென்ஸ் எண்ணைப் போட்டால், அது நடப்பில் இருக்கிறதா, எந்த வகுப்பு, பாண்ட் இருக்கிறதா, தொழிலாளர் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று எல்லாம் வந்துவிடும். வாஷிங்டனிலும் ஃபுளோரிடாவிலும் டெக்சாஸ் லைசென்சிங் துறையிலும் இதே வசதி உண்டு. இலவசம். மாநிலத்தில் லைசென்ஸ் இல்லை என்றால் உடனே மூடிவிடாமல், நகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவுக்கு ஒரு போன் போடுங்கள்.

பெயரும் எண்ணும் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். அண்ணன் லைசென்ஸில் தம்பி வேலை செய்வது, நண்பனுடைய எண்ணைக் கடன் வாங்கி விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்வது எல்லாம் நடக்கிறது.

இதற்கு அரை மணி நேரம் ஆகும். ஒரு டிவி வாங்க மூன்று நாள் விமர்சனம் படிக்கிற நீங்கள், 38,000 டாலர் வேலைக்கு அரை மணி நேரம் செலவழிக்க மாட்டீர்களா?

இனி மூன்றாம் கட்சி. "நம்ம ஆளுகிட்ட போய் லைசென்ஸ் கேட்கலாமா? மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்காதா?"

இந்த ஒரு வாக்கியம்தான் நம் ஜனங்களைக் கெடுக்கிறது. சீட்டுப் போடும்போது ரசீது கேட்க மாட்டோம், நம்ம ஆளு. நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்க்க மாட்டோம், நம்ம ஆளு. கடன் கொடுக்கும்போது எழுதி வாங்க மாட்டோம், நம்ம ஆளு. பிறகு பத்து வருடம் கல்யாண வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அன்றைக்குக் கேட்கக் கூச்சப்பட்ட ஒரு கேள்விக்கு இரண்டு குடும்பம் காலம் முழுக்க விலை கொடுக்கும்.

'நம்ம ஆளு' என்று சொல்லும்போது நாம் உண்மையில் சொல்வது என்ன என்று யோசியுங்கள். கொஞ்சம் விலை குறைத்துக் கொடுப்பான். பில் இல்லாமல் கையில் வாங்கிக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமையும் வருவான். சாம்பார் சாதம் போட்டால் போதும். இதுதானே? அவனுடைய பாதுகாப்பைக் குறைத்துத்தான் நம் செலவைக் குறைக்கிறோம். அன்பு என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்கிறோம்.

அவன் கூரையிலிருந்து விழுந்தால்? லைசென்ஸ் இல்லாதவரும் அவர் கூட்டி வந்த ஆளும் வேலையில் அடிபட்டால், கலிஃபோர்னியா போன்ற இடங்களில் வீட்டுக்காரரையே முதலாளியாகக் கருதி மருத்துவச் செலவு அவர் தலையில் விழ வாய்ப்பு இருக்கிறது. பெர்மிட் எடுக்காமல் வயரிங் செய்து தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்காமல் பணம் கொடுக்குமா? வீட்டை விற்கும்போது பெர்மிட் இல்லாத பாத்ரூமை வாங்க வருபவர் விட்டுவிடுவாரா? அங்கே சாம்பார் சாதம் பேசாது. காகிதம்தான் பேசும்.

முன்பண விஷயத்தைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் வீட்டுச் சீரமைப்புக்கு முன்பணம் மொத்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதுதான். 38,000க்கு 10 சதவீதம் 3,800. 1,000 அதைவிடக் குறைவு. ஆகவே சட்டப்படி 1,000 டாலருக்கு மேல் முன்பணம் வாங்கியிருக்கவே கூடாது. கொடுத்தவனும் 12,000 கொடுத்தான், வாங்கியவனும் வாங்கினான். அதற்கு மேல், செய்து முடித்த வேலைக்கு ஏற்பத்தான் தவணை வாங்கலாம். இந்த விதி இருவரையும் காப்பாற்ற எழுதியது. இருவரில் ஒருவராவது படித்திருந்தால் இன்றைக்கு இந்தச் சண்டையே இல்லை.

இரண்டு பேருக்கும் பெயர் சொல்லாமல் ஒரு வார்த்தை. படிக்கும்போது தெரிந்துகொள்வீர்கள்.

வீட்டுக்காரப் பையனே, சட்டம் உன் பக்கம் இருக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டம் ஊர் பேர் தெரியாத மோசடிக்காரனிடமிருந்து உன்னைக் காப்பாற்ற எழுதப்பட்டது. லைசென்ஸ் இருக்கிறதா என்று நீ கேட்கவே இல்லை. டல்லாஸில் அவன் செய்த வேலையைப் பார்த்துத்தான் நீயே அழைத்தாய். விலை குறைவு என்றுதான் அழைத்தாய். இப்போது அவன் போட்ட அலமாரியில் டம்ளரை வைத்துக்கொண்டு, அவன் பொருத்திய குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, "சட்டப்படி நான் ஒரு பைசா தர வேண்டியதில்லை" என்கிறாய். சட்டம் உன்னைக் கட்டாயப்படுத்தாது என்பதுதான் அதன் பொருள். நீ விரும்பிக் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கற்பலகை நிறம் சரியில்லை என்றால் அதற்கான தொகையைக் கழித்துக்கொள். முடிக்காத வேலையைக் கழித்துக்கொள். மீதியைக் கொடு. கூலி வாங்காமல் போனவனின் வயிற்றெரிச்சலோடு ஒரு அடுப்படியில் சமைக்காதே.

டல்லாஸ் பையனே, உன் கைத்தொழில் மீது எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தொழில் என்பது உளியும் மட்டக்கோலும் மட்டும் அல்ல. எந்த மண்ணில் நிற்கிறாய், அந்த மண்ணின் விதி என்ன என்று தெரிந்துகொள்வதும் தொழில்தான். வாடிக்கையாளர் கேட்கவில்லை என்பதால் உனக்கு விலக்கு இல்லை. தெரிந்துகொள்ள வேண்டிய கடமை உன்னுடையது. கலிஃபோர்னியாவில் மேலும் வேலை செய்ய விருப்பம் என்றால் நான்கு வருட அனுபவத்துக்குச் சான்றுகளைச் சேர்த்து முறையாக விண்ணப்பி. வேறு மாநிலத்து அனுபவத்தையும் காட்டலாம். அதை நேரில் அறிந்தவர் யாராவது உறுதி சொல்ல வேண்டும். அதுவரை மாநில எல்லை தாண்டி ஒரு ஆணி அடிக்காதே. உறவு எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும்.

"லைசென்ஸ் இருந்தும் ஏமாற்றியவர்கள் இல்லையா டீச்சர்?" என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். பயிற்சி முடித்த ஆசிரியரிலும் பாடம் நடத்தாதவர் உண்டு. சான்றிதழ் நல்ல மனதைத் தராது. ஆனால் லைசென்ஸ் உள்ளவர் தவறு செய்தால் புகார் கொடுக்க ஒரு கதவு இருக்கிறது. லைசென்ஸை நிறுத்திவைப்பார்கள், ரத்து செய்வார்கள், பாண்டிலிருந்து பணம் கேட்கலாம். லைசென்ஸ் இல்லாதவர் போன் எண்ணை மாற்றிவிட்டால் உங்கள் புகார் காற்றோடு போகும்.

சிலர், ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்கள் புதியவர்களை உள்ளே விடாமல் தடுக்கும் வேலிதான் இந்த லைசென்ஸ் என்றும் எழுதியிருந்தார்கள். அந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. தேவையில்லாத வேலியைச் சட்டமன்றத்தில் கேட்டுப் பிடுங்குங்கள். அரிசோனா 2019இல் முதல் மாநிலமாக, குடியேறி வருபவர்களின் வேறு மாநில லைசென்ஸைப் பெருமளவு ஏற்றுக்கொள்ளச் சட்டம் கொண்டுவந்தது. அந்த வழி நல்லது. ஓட்டுரிமை உள்ள பிள்ளைகள் உங்கள் மாநிலப் பிரதிநிதிக்கு எழுதுங்கள். ஆனால் வேலி இருக்கும் வரை அதைத் தாண்டிக் குதித்துவிட்டு, கிழிந்த வேட்டியைக் காட்டி அழாதீர்கள்.

இனிமேல் நம் குழுவில் யாராவது "நல்ல கான்ட்ராக்டர் இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டால், பெயரோடும் போன் எண்ணோடும் எந்த மாநிலம், எந்த லைசென்ஸ் அல்லது பதிவு எண் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். லைசென்ஸ் தேவைப்படாத வேலை என்றால் அதையும் சொல்லுங்கள். எண் இல்லாமல் பரிந்துரை போட்டால் நான் கீழே வந்து கேட்பேன். சங்கடப்படாதீர்கள். நம் பிள்ளைகளில் கான்ட்ராக்ட் வேலை செய்பவர்கள், யாரும் கேட்பதற்கு முன்னால் நீங்களே எண்ணைச் சொல்லிப் பழகுங்கள். "என் லைசென்ஸைப் போட்டுப் பாருங்க அண்ணே" என்று சொல்கிறவனுக்குத்தான் மரியாதை கூடும்.

கேட்பது அவமதிப்பு என்று நினைப்பவர்களிடம் ஒன்று சொல்கிறேன். வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயரைத் தினமும் கூப்பிட்டேன். நீங்கள் முன் பெஞ்சில் என் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தபோதும் கூப்பிட்டேன். நம்பிக்கை இல்லாமலா கூப்பிட்டேன்? அது முறை. அதனால்தான் கூப்பிட்டேன்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் அவரவர் மாநிலத்தில் எந்த அலுவலகம், எந்த எல்லைத் தொகை என்று பார்த்து இந்த வாரத்துக்குள் கீழே எழுதுங்கள். நான் ஒரு அட்டவணை போட்டுக் குழுவில் பின் செய்து வைக்கிறேன். நான் எழுதியதில் ஏதாவது மாறியிருந்தால் அதையும் எழுதுங்கள். இந்த விதிகள் வருடா வருடம் மாறுகின்றன.

வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எழுதுகிறவர்களுக்கு ஊருக்கு வரும்போது அதிரசம் சுட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்